ஹெரால்டு எஞ்சினும் வீட்டில் செய்த கருவிகளும்

பழைய கார்களின் பணிமனைக் கையேடுகளைப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். எஞ்சினைப் பிரிக்கும் அத்தியாயத்தில் சில வரிகளுக்கு ஒரு முறை ஏதாவதொரு சிறப்புக் கருவியின் எண் வந்து நிற்கும். கம்பெனியின் டீலர்களுக்கென்றே அந்தக் காலத்தில் செய்யப்பட்ட கருவிகள் அவை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு இன்று டீலர்களும் இல்லை, அவர்களிடமிருந்த கருவிப் பெட்டிகளும் இல்லை. ஆகவே என்னிடமுள்ள ஹெரால்டின் எஞ்சினை வீட்டுக் கொட்டகையிலேயே முழுவதும் பிரித்துப் பூட்டுவது என்று முடிவு செய்தபோது, கையேடு கேட்ட கருவிகளில் பெரும்பாலானவற்றை நானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. கையிருப்பில் இருந்தவை அங்குல அளவு ஸ்பானர்கள், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபில்லர் கேஜ், ஒரு டிரில்லிங் மெஷின், சிறிய வெல்டிங் செட்டு, நல்ல அரங்கள் சில. அவ்வளவுதான்.

செலவைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தில்தான் தொடங்கினேன். வேலை நடக்க நடக்க வேறொன்று புரிந்தது. கடையில் வாங்கிய கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது, நாம் அதைக் குறித்துக்கொள்கிறோம். அதே கருவியை நாமே செய்யப் புகுந்தால், அது எதை அளக்கிறது, எதை அதனால் அளக்க முடியாது என்ற இரண்டும் தெளிவாகாமல் செய்து முடிக்க முடிவதில்லை. 948 சி.சி. எஞ்சின் ஒன்றின் உள்ளமைப்பை நான் இந்தக் கருவிகளைச் செய்துதான் கற்றுக்கொண்டேன். அதோடு, வீட்டுக் கருவி எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதையும் அவையே காட்டின.

காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் ஹெரால்டை 1959இல் வெளியிட்டது. அதன் உடலமைப்பை வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதைத் தயாரித்தது. எஞ்சின் காரைவிட மூத்தது. 1953ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சி.சி.யாக வந்த அதே வடிவமைப்பில், சிலிண்டர் விட்டத்தை 58 மி.மீ.யிலிருந்து 63 மி.மீ. ஆக்கியதால் 948 சி.சி. கிடைத்தது. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 76 மி.மீ.யாகவே இருந்தது. பிரிட்டனில் அதன் பிறகு 1147 சி.சி., 1296 சி.சி. என்று விட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். நம்மூர் ஹெரால்டிலும், அதற்குப் பின் 1972இல் வந்த கஸலிலும் 948 சி.சி.யே தொடர்ந்தது. இதனால் உதிரிப் பாகம் தேடுபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. கேஸ்கெட்டு, டைமிங் செயின் போன்றவற்றில் சிலவற்றை வெளிநாட்டிலிருந்து தருவித்துப் பொருத்திவிடலாம், ஆனால் அங்கே தாராளமாகக் கிடைக்கும் பெரிய எஞ்சின்களின் பிஸ்டன்கள் நமக்கு உதவா.

வீட்டில் வேலை செய்பவருக்கு ஹெரால்டைப் போல வசதியான கார் அரிது. பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். காருக்குள் முன்சீட்டுகளை எடுத்து நடுவிலுள்ள அட்டை மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் அப்படியே உள்வழியாக வெளியே வந்துவிடும். பள்ளம் தோண்டவோ காரை உயரே ஏற்றவோ தேவையில்லை.

பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, அதற்குக் கருவியே வேண்டாம். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் எஞ்சினின் முன்முனையிலுள்ள கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். பிஸ்டன்களின் இயக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க். புல்லி முன்னோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் கிராங்கை முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். என் எஞ்சினில் நன்றாகவே நகர்ந்தது. இந்த எஞ்சினின் பெரிய பலவீனம் இதுதான். கிராங்கைத் தாங்கும் பின்பக்க மெயின் பேரிங்கின் இரு புறமும் அரைவட்ட வாஷர் ஒவ்வொன்று, எஞ்சினின் உடலான பிளாக்கில் செருகப்பட்டிருக்கும், பேரிங்கின் கீழ்ப்பாதியில் அவற்றுக்கு ஜோடி கிடையாது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முழு அழுத்தமும் பின்பக்க வாஷர் மேல் விழுகிறது. அளவுக்கு மீறித் தேய்ந்தால் அது தன் இடத்திலிருந்து நழுவி, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். அதன் பிறகு சுழலும் கிராங்க் நேரடியாகப் பிளாக்கின் வார்ப்பிரும்பை அரைக்கத் தொடங்கும். பிளாக்கைக் காப்பாற்ற முடியாமல் போகும் எஞ்சின்கள் பலவற்றின் கதை இப்படித்தான் முடிந்திருக்கிறது. வாரம் ஒரு முறை மட்டுமே வெளியே எடுக்கும் கார்தானே என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று ஹெரால்டு வைத்திருக்கும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

எஞ்சினைத் தூக்க, சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்தேன். தூக்கும் கருவியில் வீட்டுத் தயாரிப்பு கூடாது என்பது என் உறுதியான கருத்து. கழற்றிய எஞ்சினை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டை மட்டும் ஆங்கிள் இரும்பில் வெல்டு செய்தேன். கியர்பாக்ஸ் பூட்டும் முகத்திலுள்ள துளைகளின் இடங்களை அட்டையில் பிரதி எடுத்து, அதே துளைகளைக் கனமான தகட்டில் போட்டு, அந்தத் தகட்டை ஒரு குழாயோடு இணைத்தால் எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தலாம். பிளாக்கை ஏற்றுவதற்கு முன் அந்தத் தகட்டில் சிமெண்ட் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு ஓர் இரவு முழுவதும் விட்டு வைத்தேன். காலையில் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகே எஞ்சினை ஏற்றினேன்.

வால்வு ஸ்பிரிங்குகளை அழுத்தும் கருவி எளிதானது. பெரிய சி-கிளாம்ப் ஒன்றை எடுத்து, அதன் திருகு முனையில், ஸ்பிரிங்கின் மேல்தட்டு அளவுக்குப் பொருந்தும் குழாய்த் துண்டு ஒன்றை வெல்டு செய்தேன். குழாயின் பக்கத்தில் ஹேக்சாவால் ஒரு ஜன்னல் வெட்டிவிட்டால், உள்ளே விரல் விட்டுப் பூட்டுத் துண்டுகளை எடுக்கலாம். கிளாம்ப்பின் மறுமுனை வால்வின் தலையில் உட்காரும். ஸ்பிரிங் அழுந்திய நிலையில் கிளாம்ப் நழுவினால் கண்ணுக்கு ஆபத்து என்பதால் கண்ணாடி அணியாமல் இதைத் தொடவே கூடாது. வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் வைத்து உட்கார வைத்த பின், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கவிழ்த்து அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, போர்ட்டுகளின் வழியே கசிகிறதா என்று பார்த்தேன். இதைவிட நேர்மையான சோதனை வால்வுக்கு வேறில்லை.

இனி சிலிண்டர்களை அளந்த விதத்துக்கு வருகிறேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சிலிண்டர் தேய்மானத்தை அளக்கப் பட்டறைகளில் போர் கேஜ் வைத்திருப்பார்கள். அது இல்லாதவர்கள் பிஸ்டன் ரிங் ஒன்றையே அளவுகோலாக்கலாம். புதிய ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்து அதைத் தள்ளி நேராக உட்கார வைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபில்லர் கேஜால் பார்க்க வேண்டும். முதலில் சிலிண்டரின் அடிப்பகுதியில், ரிங்குகள் உரசாத இடத்தில் வைத்தேன். அங்கே இடைவெளி 0.25 மி.மீ. பிறகு மேலே, பழைய ரிங் உரசி நின்ற விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்தேன். அங்கே 0.95 மி.மீ. இடைவெளி கூடியது சுற்றளவு கூடியதால்தான். எனவே வித்தியாசமான 0.70ஐ 3.14ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று கிடைத்துவிடும்: ஏறத்தாழ 0.22 மி.மீ. புதிய ரிங் மட்டும் போட்டு ஓட்டிவிடலாமா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்தது. ரீபோர், அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது, செய்துதான் ஆக வேண்டும்.

ஆனால் ரிங்கால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. அது சுற்றளவைத்தான் அளக்கிறது. சிலிண்டர் வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் முட்டை வடிவில் தேய்ந்திருந்தாலும் ரிங் ஒரே கணக்கைத்தான் காட்டும். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துவதால் சிலிண்டர்கள் எஞ்சினுக்குக் குறுக்கான திசையில்தான் அதிகம் தேயும். அதைப் பார்க்க வேறு கருவி தேவை.

அதற்குப் பழைய பிட்டர்கள் குச்சி ஒன்றை வைத்திருந்தார்கள். எஃகுக் கம்பியின் இரு முனைகளையும் உருண்டையாக அரத்தால் ராவி, அதன் நீளத்தைச் சிலிண்டர் விட்டத்தைவிட இம்மியளவு குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முனையைச் சிலிண்டர் சுவரில் அசையாமல் ஊன்றி, சிலிண்டரின் அச்சுக்கு நேர்க்குறுக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை இடமும் வலமும் ஆட்டினால், அது சுவரில் முட்டும் இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரு தூரம் இருக்கும். கம்பியின் நீளத்துக்கும் சிலிண்டரின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது, ஆனால் ஆட்டத்தின் தூரம் கண்ணால் பார்க்குமளவு பெரியது. ஆட்டத்தின் தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி, கம்பி நீளத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வித்தியாசம் வந்துவிடும். 63 மி.மீ. கம்பி 5 மி.மீ. ஆடினால் சிலிண்டர் அதைவிட 0.05 மி.மீ. பெரியது. பள்ளிக்கூட வடிவியல்தான். ஒரு மி.மீ.யின் இருபதில் ஒரு பங்கைச் சாதாரண ஸ்கேலால் அளக்க முடிகிறது என்பதை முதன்முதலில் சிலிண்டருக்குள் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறக்க முடியாது.

கம்பியின் நீளத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள மட்டும் வெளியே போக வேண்டியிருந்தது. ரீபோர் பட்டறை உரிமையாளர் தன்னிடமிருந்த 50–75 மைக்ரோமீட்டரில் அதை அளந்து கொடுத்தார். கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி குச்சி எங்க அப்பா வச்சிருந்தாரு சார். டயல் கேஜ் வந்தப்புறம் யாரும் தொடுறதில்ல” என்றார். பிறகு பிளாக்கைக் கொண்டுபோனபோது தன் போர் கேஜால் நான்கு சிலிண்டர்களையும் அளந்தார். நான் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்த கணக்குக்கும் அவருடையதற்கும் மிகச் சிறிய வேறுபாடுதான் இருந்தது. முட்டை வடிவம் அதிகமாக இருந்தது மூன்றாம் சிலிண்டரில் என்பதிலும் இருவரும் ஒத்துப்போனோம்.

ரீபோரும் கிராங்க் கிரைண்டிங்கும் வீட்டில் செய்யும் வேலைகள் அல்ல. டிரில்லிங் மெஷினில் உட்சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கற்களை மாட்டி சிலிண்டரையே பெரிதாக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கையில் பிடித்த மெஷின் ஏற்கனவே கோணலாக உள்ள சிலிண்டரின் கோணலைப் பின்பற்றியே போகும். கிராங்கின் அச்சுக்குச் செங்குத்தாகச் சிலிண்டரைக் கொண்டுவர நிலையான மெஷின் வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிஸ்டன்களைக் கையில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் ரீபோருக்குக் கொடுக்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பழைய சரக்கு வைத்திருக்கும் கடையொன்றில் 30 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டு, அதாவது 0.76 மி.மீ. பெரியது, கிடைத்தது. அந்தப் பிஸ்டன்களை ஒவ்வொன்றாக அளந்து, எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்று எண் போட்டு, அவற்றுக்கேற்பவே பட்டறையில் போர் செய்தார்கள்.

பிளாக் திரும்பி வந்ததும் முதல் வேலை சுத்தம் செய்வது. எண்ணெய் ஓடும் வழிகளில் போரிங் துகள் ஒன்று தங்கினாலும் புதிய பேரிங்கில் கோடு விழும். வழிகளின் முனைகளை அடைத்திருந்த பிளக்குகளைக் கழற்றி, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் வளைந்த முனையில் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்து உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பி இழுத்தேன். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை அதை நிறுத்தவில்லை. கிராங்குக்குள் குறுக்காக ஓடும் எண்ணெய்த் துளைகளுக்கும் இதே முறைதான். அவற்றில் பல வருடத்துக் கசடு களிமண் போல இறுகிக் கிடந்தது.

ஆயில் பம்பின் மூடியில் ரோட்டர்கள் உரசிய வளையத் தடம் நகத்தில் தட்டுப்பட்டது. அந்தத் தடத்தின் ஆழம் முழுவதும் பிரஷர் இழப்பாகவே முடியும். கனமான கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, மூடியை எட்டு வடிவத்தில் தேய்த்துத் தடம் மறையும்வரை சமமாக்கினேன். நல்ல கண்ணாடியின் பரப்பு இதற்குப் போதிய அளவு சமமாகவே இருக்கும். தேய்ப்பதற்கு முன் மூடி முழுவதும் பேனா மையால் கோடுகள் போட்டுக்கொண்டால் எங்கே தேய்கிறது, எங்கே இன்னும் தொடவில்லை என்பது தெரியும்.

கிராங்கைப் பூட்டும்போது த்ரஸ்ட் வாஷர்கள் விஷயத்தில் நேரம் பார்க்கவில்லை. வாஷரின் ஒரு பக்கத்தில் எண்ணெய் நிற்பதற்கான சிறு பள்ளங்கள் இருக்கும். அந்தப் பக்கம்தான் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். கிராங்கைத் திருகு ஆணி நெம்பியால் மெல்ல முன்னே தள்ளி, முன்பக்க வாஷருக்கும் கிராங்குக்கும் இடையே உண்டாகும் இடைவெளியில் ஃபில்லர் கேஜை விட்டு அளந்தேன். 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சாதாரண அளவு வாஷர்களை வைத்தபோது அதிகமாக ஆடியது. ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓவர்சைஸ் வாஷர் போட்டு, அதன் எஃகு முதுகைக் கண்ணாடி மேலிருந்த எமரித் தாளில் தேய்த்துத் தேய்த்து 0.15 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன்.

ரிங்குகளை அழுத்திப் பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்கும் பட்டையைச் சமையல் எண்ணெய் டின்னின் தகரத்தில் வெட்டினேன். தகரத்தின் ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கி, பிஸ்டனைச் சுற்றி வளைத்து, பெரிய ஹோஸ் கிளிப்புகள் இரண்டால் இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் பிஸ்டன் இறங்கிவிடுகிறது. தட்டும்போது தடை தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஏதோ ஒரு ரிங் பட்டையைவிட்டு வெளியே வந்திருக்கும். பலம் கொடுத்தால் உடையும்.

இந்த எஞ்சினில் மரத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று சொன்னால் மெக்கானிக்குகளே சிலர் நம்புவதில்லை. கிராங்கின் முன்முனைக்குக் கீழே, சம்ப் பூட்டும் இடத்தில், அலுமினியத் துண்டு ஒன்று பாலம் போலக் குறுக்கே நிற்கும். அதன் இரு ஓரங்களிலும் பிளாக்கோடு சேரும் இடத்தில் காடிகள் இருக்கின்றன. அந்தக் காடிகளை எண்ணெய் கசியாமல் அடைக்கக் கம்பெனி வைத்தது சிறு மர ஆப்புகளை. பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் அவை உளுத்தோ காணாமலோ போயிருக்கும், அந்த இடத்தில் யாராவது சீலண்டைக் குழைத்து அப்பியிருப்பார்கள். நான் பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து எடுத்த தேக்குத் துண்டில் ஆப்புகளைச் செதுக்கினேன். காடியைவிட ஒரு மயிரிழை தடிமனாகவும் நீளத்தில் சற்று அதிகமாகவும் இருக்க வேண்டும். சீலண்ட் தடவி மெதுவாக அடித்து இறக்கிய பின், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கூர்மையான பிளேடால் பிளாக்கின் மட்டத்துக்குச் சீவிவிட வேண்டும். மட்டத்துக்கு மேல் நின்றால் சம்ப் கேஸ்கெட்டு சரியாக உட்காராது, கீழே போனால் எண்ணெய்க்கு வழி கிடைத்துவிடும். அந்த அலுமினியத் துண்டில் இறங்கும் திருகுகளை இறுக்கும்போதும் கை அடங்கியிருக்க வேண்டும், அதன் மரை சுலபமாகப் பிய்ந்துவிடும்.

ஹெட்டை இறுக்குவதற்கு டார்க் ரெஞ்சு தேவை. டார்க் என்பது இழுக்கும் விசையை அது செயல்படும் தூரத்தால் பெருக்கியதுதான். அப்படியானால் நீளம் தெரிந்த ஒரு கைப்பிடியும், விசையைக் காட்டும் ஒரு தராசும் இருந்தால் போதும். சாக்கெட்டு மாட்டும் கைப்பிடியோடு குழாய் ஒன்றைச் சேர்த்து, நட்டின் மையத்திலிருந்து சரியாக அரை மீட்டர் தூரத்தில் ஒரு கொக்கியை வைத்தேன். அதில் காய்கறிக் கடைகளில் பயன்படும் டிஜிட்டல் தொங்கு தராசை மாட்டி இழுத்தேன். கையேடு கேட்ட 42 பவுண்டு-அடி என்பது கிலோ-மீட்டர் கணக்கில் 5.8. அரை மீட்டரில் இழுக்கும்போது தராசு 11.6 கிலோ காட்ட வேண்டும். இழுப்பு கைப்பிடிக்குச் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும், சாய்ந்தால் தராசு காட்டும் கணக்கைவிட நட்டுக்குப் போவது குறையும். ஹெட்டின் நட்டுகள் மேல் நோக்கி இருப்பதால் கைப்பிடி கிடைமட்டமாகத்தான் சுழல்கிறது, அதனால் குழாயின் எடை கணக்கில் சேர்வதில்லை. பிஸ்டனின் தண்டைக் கிராங்கோடு பூட்டும் பிக் எண்டு போல்ட்டுகளுக்கு எஞ்சினைக் கவிழ்த்து நிறுத்தியதற்கும் இதுவே காரணம். தராசு பொய் சொல்கிறதா என்று பிரிக்காத அரிசிப் பைகளைத் தொங்கவிட்டு முதலிலேயே பார்த்துக்கொண்டேன். பின்னர் நண்பர் ஒருவரிடம் டார்க் ரெஞ்சு வாங்கிச் சில நட்டுகளைச் சரிபார்த்தபோது அதுவும் அதே இடத்தில் சொடுக்கியது. மரைகள் சுத்தமாகவும் லேசாக எண்ணெய் தடவியும் இருந்தால்தான் இந்தத் துல்லியத்துக்குப் பொருள் உண்டு. துருப்பிடித்த மரையில் எவ்வளவு விலையுயர்ந்த ரெஞ்சும் உராய்வைத்தான் அளக்கும்.

முதல் பிஸ்டன் உச்சியை அடையும் புள்ளியைக் கண்டுபிடிக்கப் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று போதும். அதன் பீங்கானை உடைத்தெடுத்து, உட்துளையில் மரை போட்டு, முனை மழுங்கிய போல்ட் ஒன்றைத் திருகினேன். அதைச் சிலிண்டரில் மாட்டினால் பிஸ்டன் உச்சிக்குச் சற்று முன்பே போல்ட்டில் மெல்ல முட்டி நிற்கும். கிராங்க் முனையில் 30 செ.மீ. விட்டமுள்ள பிளைவுட் வட்டத்தில் பாகைகளை ஒட்டி மாட்டியிருந்தேன். அந்த அளவில் ஒரு பாகைக்கு 2.6 மி.மீ. கிடைப்பதால் கால் பாகையைக்கூடக் கண்ணால் பிரித்துப் பார்க்கலாம். ஒரு திசையில் மெதுவாகச் சுழற்றி முட்டிய இடத்தையும், எதிர்த்திசையில் சுழற்றி முட்டிய இடத்தையும் குறித்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. பிஸ்டன் உச்சியில் சில பாகைகளுக்கு நகராதது போலவே நிற்கும், ஆகவே கம்பியை விட்டுப் பார்த்து உச்சியைக் குறிப்பவர்களின் கணக்கு சில பாகைகள் தவறலாம். இந்த முறையில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

உச்சி உறுதியானதும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைக் கிராங்கோடு இணைக்கும் டைமிங் செயினைப் பூட்டினேன். முதல் சிலிண்டர் அழுத்தத்தின் முடிவில் உச்சியில் நிற்கும்போது நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் சம அளவு திறந்திருக்க வேண்டும். கேம் சக்கரத்தில் நான்கு துளைகளை வேண்டுமென்றே சற்று விலக்கிப் போட்டிருக்கிறார்கள். சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் அரைப்பல் அளவும், முன்பின்னாகப் புரட்டி மாட்டினால் கால்பல் அளவும் நேரத்தை மாற்றலாம். தனியாக எந்தச் சாதனமும் சேர்க்காமல், துளை போட்ட இடத்தாலேயே நுட்பமான சரிசெய்தலுக்கு வழி வைத்த அந்த வடிவமைப்பாளர்களை அந்த நேரத்தில் மனதாரப் பாராட்டினேன்.

வால்வுகளுக்கான 0.25 மி.மீ. இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். இதற்கு ஒன்பதாம் கணக்கு உதவும்: எட்டாம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வு, ஏழு திறந்திருக்கும்போது இரண்டு என்று, கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

பூட்டி முடித்த எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. புதிய பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்வதற்கு முன் கிராங்க் சுழன்றால், இத்தனை நாள் அளந்ததெல்லாம் சில விநாடிகளில் வீணாகிவிடும். டிஸ்டிரிபியூட்டரையும் அதன் கீழுள்ள பல்சக்கரத்தையும் எடுத்துவிட்டு, பம்பின் தண்டைப் பிடிக்கும்படி முனை செதுக்கிய நீண்ட கம்பி ஒன்றை டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுழற்றினேன். சற்று நேரம் மெஷின் லேசாக ஓடும். பிறகு எண்ணெய் பிடித்ததும் அதன் சத்தம் மாறி, கையில் பாரம் ஏறும். டாஷ்போர்டில் எண்ணெய் விளக்கு அணைந்தது. கிராங்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடி, வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் ஒவ்வொன்றிலும் எண்ணெய் ஊறி வருவதைப் பார்த்த பிறகே டிஸ்டிரிபியூட்டரைத் திரும்ப வைத்தேன்.

எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகு முதல் இருபது நிமிடம் ஐடிலில் விடாமல் சற்று வேகமாகவே ஓடவிட்டேன். குளிர்ந்ததும் ஹெட் நட்டுகளை அதே குழாயும் தராசும் கொண்டு மறுபடி இறுக்கினேன், வால்வு இடைவெளிகளையும் திரும்பப் பார்த்தேன். 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றியபோது வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தேன். ரிங்குகள் உட்காரும்போது வரும் நுண்ணிய சாம்பல் நிறம் இருந்தது, பேரிங் துகளின் மினுமினுப்பு இல்லை. கிளட்சை மிதித்தால் புல்லி இப்போது அசைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்பக்கத் தேக்கு ஆப்புகளில் கசிவில்லை. பின்பக்கத்தில் மட்டும் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஓரிரு சொட்டு விழுகிறது. இந்த எஞ்சினின் கிராங்குக்குப் பின்னால் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகு மரை எண்ணெயை உள்நோக்கித் தள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. அதைச் சுற்றியுள்ள கூட்டை மெல்லிய ஃபில்லர் தகடுகளை நான்கு புறமும் செருகி நடுவாக்கித்தான் பூட்டினேன். அதற்கு மேலும் விழும் அந்தச் சொட்டுகளுக்குக் காரின் அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.